பொழுது, எண், பெயர்: கணினித் தமிழில் வழக்கின் அரசியல்

கணினித் தமிழின் வரலாறு என்று இதுவரை எழுதப்பட்டிருப்பதெல்லாம் எழுத்தின் வரலாறுதான். எந்த விசையில் எந்த எழுத்து, 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் வேண்டுமா, கிரந்தத்தை உள்ளே விடலாமா என்பவையே அதன் அத்தியாயங்கள். இந்தச் சண்டைகள் அற்பமானவை என்று சொல்ல வரவில்லை. ஆனால் எழுத்தைச் சுற்றியே நாம் கத்திக்கொண்டிருந்த காலத்தில் வேறொரு வகையான தமிழ் வேறோரிடத்தில் கட்டமைக்கப்பட்டு வந்திருக்கிறது. ராத்திரி எட்டு மணியை எப்படிச் சொல்வது, பத்து லட்சத்தை எந்தச் சொல்லால் குறிப்பது, ஒருவர் பெயரில் எது முன்னால் வரும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிற தமிழ் அது. எழுத்தைப் பற்றி இவ்வளவு பேசிய நாம் வழக்கைப் பற்றி ஏன் பேசவில்லை என்பதே இங்கு என் கேள்வி.

நான் இருப்பது ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம். சில ஆண்டுகளாக இந்த வழக்குத் தரவுத் திட்டத்தில் அவ்வப்போது வாக்களித்தும் வருகிறேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. கைபேசியின் உடல் இங்கே பூட்டப்படுகிறது. அந்தக் கைபேசி காட்டும் தமிழ் வேறெங்கோ பூட்டப்படுகிறது. இந்த இரண்டு வேலைகளையும் செய்கிறவர்களுக்கு இடையே எந்த அறிமுகமும் கிடையாது. இந்தப் பிரிவினை எப்படி உண்டானது என்பதை வரலாற்றில்தான் தேட வேண்டியிருக்கிறது.

1

1991ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். அதுவரை ராமானுஜர் பிறந்த தலமாகவே அறியப்பட்டிருந்த ஸ்ரீபெரும்புதூரில் மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூலையில் தில்லி புதிய பொருளாதாரக் கொள்கைக்குக் கதவைத் திறந்தது. அதே ஆண்டு இந்திய மொழிகளுக்கான 'இஸ்கி' குறியீடு இந்தியத் தரமாக வெளியானது. அக்டோபரில் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தது. இவற்றுக்கிடையே காரண காரியத் தொடர்பு இருப்பதாகக் கதை கட்ட வேண்டியதில்லை. ஆனால் திறக்கப்பட்ட சந்தையும் குறியீடாக்கப்பட்ட மொழியும் பின்னாளில் இந்த நிலத்தில்தான் ஒரே பொருளுக்குள் சந்தித்தன. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1998இல் கார் வெளியே வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி செய்யத் தொடங்கி, 2014 நவம்பர் 1 அன்று நிறுத்திக்கொண்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் வந்தது. பிறகு ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து விடுதிகளில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் போய்வரும் இளம்பெண்களின் விரல்கள் வழியாகத்தான் உலகச் சந்தைக்கான கைபேசி இங்கிருந்து புறப்படுகிறது.

குறியீட்டின் பக்கம் நடந்ததைப் பார்ப்போம். 'இஸ்கி'யின் தர்க்கம் எளிமையானது: இந்திய எழுத்துகள் எல்லாம் பிராமியின் வழிவந்தவை, எனவே அனைத்தையும் ஒரே அட்டவணையின் சாயலில் அடக்கிவிடலாம். யூனிகோடு அந்த வரிசையைத்தான் எடுத்துக்கொண்டது. தமிழுக்கு 128 அறைகள். அவற்றில் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று அறைகள் இன்றும் காலியாகக் கிடக்கின்றன. தேவநாகரியில் அங்கே எழுத்துகள் உண்டு என்பதால், தமிழில் அவை 'இல்லாதவை' என்று அட்டவணை வாசிக்கிறது. ஒரு ககரமே இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும் என்று அறிந்த மொழிக்கு இதில் இல்லாமை எதுவும் கிடையாது. தேசியம் என்னும் பெருங்கதையாடல் ஓர் அட்டவணையின் வெற்றிடங்களாகக்கூட வந்து உட்காரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதற்கான எதிர்வினைகளும் எழுத்துத் தளத்திலேயே நடந்தன. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய 1997 தமிழ்நெட் மாநாடு, சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த அடுத்த மாநாடு, அதன் வழியே வந்த தமிழ்99 விசைப்பலகை, டாம்–டாப் குறியீடுகள், உலகத் தமிழர் கூடிப் பேசி உருவாக்கிய 'திஸ்கி', 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் யூனிகோடையும் 'டேஸ்16' முறையையும் ஏற்றுத் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணை என்று ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. 2019இல் யூனிகோடின் 12ஆம் பதிப்பில் முந்திரி, காணி, மா போன்ற பழைய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளுமாக 51 வடிவங்கள் தமிழுக்குக் கூடுதலாகக் கிடைத்தன. கல்வெட்டிலும் ஓலையிலும் இருந்த கணக்கு கணினிக்குள் வந்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் முந்திரிக்கு இடம் வாங்கிக் கொடுத்த நாம் 'லட்சம்' என்ற சொல்லுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

2

கைபேசியின் மொழியைத் தமிழ் என்று மாற்றியதும் கிழமை, மாதம், நாடுகளின் பெயர், நாணயம், எண்ணில் காற்புள்ளி விழும் இடம் எல்லாம் மாறுகின்றன. இவற்றை ஒவ்வொரு நிறுவனமும் தானே உட்கார்ந்து எழுதுவதில்லை. யூனிகோடு கூட்டமைப்பு நடத்தும் ஒரு பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன. சி.எல்.டி.ஆர். என்பது அதன் சுருக்கப்பெயர். 2004 ஜனவரியில் லினக்ஸ் உலகத்தைச் சேர்ந்த ஒரு குழுவின் கீழ் முதல் பதிப்பு வந்தது. அதே ஆண்டில் யூனிகோடின் கைக்கு மாறியது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுமே இதைச் சார்ந்தவை. தரவு திறந்த உரிமத்தில் இருக்கிறது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தம் சொல்லலாம்.

திருத்தம் சொல்லும் முறை வாக்கெடுப்பு. குறிப்பிட்ட வாரங்களில் களம் திறக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரிசை. இப்போதிருக்கும் சொல், முன்மொழியப்பட்ட சொற்கள், யார் எதற்கு வாக்களித்தார்கள் என்ற விவரம். பிறகு சரிபார்ப்புக் கட்டம். அதிக வாக்கு பெற்ற சொல் அடுத்த பதிப்பில் போய்ச் சேரும். போதிய வாக்கில்லாத சொல் 'உறுதிப்படாதது' என்று நின்றுவிடும். எது சரி என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல், மக்கள் வழக்கமாக எதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது. அகராதியில் இருப்பதாலேயோ அறிஞர் பரிந்துரைத்ததாலேயோ ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்பதுதான் கொள்கை.

இந்தக் கொள்கை நமக்கு அந்நியமானதல்ல. உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்று பிரித்துப் பார்த்து, வழக்கையே இலக்கணத்துக்கு ஆதாரமாகக் கொண்ட மரபு நம்முடையது. ஆனால் 'யாருடைய வழக்கு?' என்ற கேள்வியை அந்த மரபே எழுப்பி, 'உயர்ந்தோர் வழக்கு' என்று பதிலும் சொல்லிவிட்டது. களஞ்சியம் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. அதன் வாக்கு முறை சொல்கிறது. கூட்டமைப்பின் உறுப்பினரான நிறுவனங்கள் சார்பில் வாக்களிக்கும் சரிபார்ப்பாளர்களுக்கு ஒரு வாக்குக்குப் பல வாக்குகளின் எடை. எந்த நிறுவனத்தையும் சேராமல் வருகிறவருக்கு ஒரே வாக்கு. அவருக்கு அங்கே வழங்கும் பெயர் 'விருந்தினர்'. நான் அப்படித்தான் வாக்களிக்கிறேன். என் தாய்மொழியில், என் ஊரின் வழக்கைச் சொல்ல, விருந்தினனாக. இதைக் கேட்டு உடனே கொதிக்க வேண்டியதில்லை. குப்பை வாக்குகள் வந்து தரவைக் கெடுத்துவிடாமல் தடுக்கும் ஏற்பாடு என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஏற்பாட்டில் மொழியின் சொந்தக்காரர் யார், வந்துபோகிறவர் யார் என்ற உறவு தலைகீழாகிறது என்பதையும் பார்க்காமல் விட முடியாது.

3

மூன்று இடங்களை எடுத்துக்கொள்கிறேன்: பொழுது, எண், பெயர்.

ஒரு நாளைப் பிரித்துப் பெயரிடும் அட்டவணை களஞ்சியத்தில் இருக்கிறது. நான் வேலை செய்த பதிப்புகளில் தமிழுக்கு இருந்த பிரிப்பு இது: 3 முதல் 5 வரை அதிகாலை, 5 முதல் 12 வரை காலை, 12 முதல் 2 வரை மதியம், 2 முதல் 4 வரை பிற்பகல், 4 முதல் 6 வரை மாலை, 6 முதல் 9 வரை 'அந்தி மாலை', 9 முதல் விடியலுக்கு முந்தைய 3 வரை இரவு. இதில் எந்தச் சொல்லும் தமிழல்லாத சொல் இல்லை. இலக்கணப் பிழையும் கிடையாது. ஆனால் எட்டரை மணிக்கு எந்தத் தமிழர் 'அந்தி மாலை எட்டரை' என்பார்? 'ராத்திரி எட்டரை'தான். மூன்று மணிக்குப் 'பிற்பகல்' என்பது ரேடியோவிலும் அழைப்பிதழிலும் வரும். பேச்சில் அது மதியம் மூணு மணி.

இந்த வட்டாரத்தில் பொழுதுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. காலை ஆறு முதல் மதியம் இரண்டு, இரண்டு முதல் ராத்திரி பத்து, பத்து முதல் மறுநாள் காலை ஆறு என்று ஷிப்ட் ஓடும் இடத்தில் பஸ் வரும் நேரம்தான் பொழுதைப் பிரிக்கிறது. 'நைட் முடிச்சிட்டு வந்து தூங்குனேன்' என்றால் அது பகல் தூக்கம். விடிகாலை நாலு மணி என்பது கோயில் நடை திறக்கும் நேரமாக இல்லாமல், பர்ஸ்ட் ஷிப்டுக்கு விடுதிப் பெண்கள் குளிக்க வரிசையில் நிற்கும் நேரமாகிறது. சங்க மரபு வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று சிறுபொழுதுகளை நிலத்தோடும் அந்த நிலத்தின் வாழ்க்கையோடும் சேர்த்தே பிரித்தது. எற்பாடு நெய்தலுக்கு உரியது என்றால், அங்கே பொழுது வெறும் மணிக்கணக்கு இல்லை என்றுதான் பொருள். சிப்காட் என்னும் புதிய நிலத்துக்கும் ஒரு சிறுபொழுது வரிசை உருவாகிவிட்டது. அட்டவணையில்தான் அதற்கு இடமில்லை.

பொழுது ஏற்கெனவே ஒருமுறை நம்மிடமிருந்து எடுக்கப்பட்டதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கணினிகள் பயன்படுத்தும் நேர வலயத் தரவில் இந்தியா முழுவதற்கும் ஒரே பதிவு, கொல்கத்தாவின் பெயரில். அந்தப் பதிவின் வரலாற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே மதராஸ் நேரம் ஒளிந்திருக்கிறது: கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னால். ரயில்கள் அந்த நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி என்ற இந்திய நேரம் வந்தது. நாட்காட்டிக்கும் இதே கதைதான். 1957 மார்ச் 22 முதல் நடப்பிலுள்ள அரசின் சக ஆண்டு நாட்காட்டி களஞ்சியத்தில் 'இந்திய' நாட்காட்டியாக இருக்கிறது. அதை எந்த வீட்டுச் சுவரிலும் யாரும் பார்ப்பதில்லை. தை, ஆடி, புரட்டாசி என்று வீட்டுக்கு வீடு தினமும் கிழிக்கப்படும் தமிழ் நாட்காட்டிக்கு அங்கே இடம் கிடையாது. பொங்கல் தை முதல் நாள் என்பது கைபேசிக்குத் தெரியாது.

4

எண்ணில் இருக்கும் முரண் இன்னும் வெளிப்படையானது. தமிழ்த் தரவில் காற்புள்ளி நம் முறைப்படிதான் விழுகிறது: 12,34,567. மலேசியத் தமிழுக்கும் சிங்கப்பூர்த் தமிழுக்கும் அந்த நாடுகளின் வழக்கப்படி 1,234,567 என்று தனி ஏற்பாடு இருக்கிறது. இதுவரை சரி. ஆனால் இதே எண்ணைச் சுருக்கிச் சொல்லில் சொல்லும் இடத்தில், பல பதிப்புகளாக, 'ஆயிரம்' என்பதற்கு அடுத்த படி 'மில்லியன்', அதற்கடுத்தது 'பில்லியன்'. இந்திக்கு அதே இடத்தில் லட்சமும் கோடியும் இருந்தன. காற்புள்ளி லட்சம் என்கிறது, சொல் மில்லியன் என்கிறது. ஒரே கோப்புக்குள் இரண்டு கணக்கு.

இதில் யாரும் சதி செய்ததாக நான் நினைக்கவில்லை. தமிழ் என்றால் பல நாடுகளின் மொழி. யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் மில்லியன் சகஜமான சொல். அங்குள்ள தமிழருக்கு லட்சத்தைத் திணிப்பதும் ஆதிக்கமே. மாதப் பெயரில் இதே சிக்கல் மறுபக்கமாகத் திரும்புகிறது: இங்கே 'ஆகஸ்ட்', இலங்கையில் 'ஓகஸ்ட்', இங்கே 'ஜூன்', அங்கே 'யூன்' என்று எழுதுவோர் பலர். அடிப்படைக் கோப்பு தமிழ்நாட்டு வடிவத்தை எடுத்துக்கொண்டால் இலங்கைத் தமிழ் அதிலிருந்து விலகிய கிளை ஆகிவிடுகிறது. மையம், விளிம்பு என்று நாம் கோட்பாட்டில் பேசியது இங்கே கோப்பின் அமைப்பாகவே இருக்கிறது. தாய்க் கோப்பில் உட்கார்ந்தவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. கிளைக் கோப்பில் இருப்பவர் தன் ஒவ்வொரு சொல்லுக்கும் தனியே வாக்குத் தேட வேண்டும்.

ஆனாலும் சம்பளம், சீட்டு, நகைக்கடன், மனை விலை என்று இந்தப் பகுதியில் புழங்கும் கணக்கு லட்சத்தில்தான். ஒரகடத்தில் நிலம் ஆலைகளுக்குப் போனபோது ஏக்கர் விலையை யாரும் மில்லியனில் பேசவில்லை. வழக்குதான் அளவுகோல் என்றால் இதுதான் வழக்கு. இதைச் சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

5

பெயருக்கு வருகிறேன். சி.எல்.டி.ஆர். 2022 அக்டோபரில் வெளியிட்ட 42ஆம் பதிப்பில் மனிதர் பெயர்களை வடிவமைப்பதற்கான விதிகள் சோதனை முயற்சியாகச் சேர்க்கப்பட்டன. ஒரு மொழியில் முழுப்பெயர் எப்படி வரும், சுருக்கினால் எப்படி, மரியாதையாக அழைத்தால் எப்படி என்று ஒவ்வொரு மொழியினரும் சொல்ல வேண்டும். அதன் உறுப்புகள்: பட்டம், இட்ட பெயர், இரண்டாம் பெயர், குடும்பப் பெயர் முதலியன. குடும்பப் பெயர் கட்டாயமில்லை. வடிவமைத்தவர்கள் பல பண்பாடுகளை யோசித்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் நம் தலைப்பெழுத்தை எந்தப் பெட்டியில் போடுவது? அது குடும்பப் பெயர் அல்ல. அடுத்த தலைமுறைக்குப் போகாது. இரண்டாம் பெயர் என்றால் பின்னால் வர வேண்டும்; இது முன்னால் நிற்கிறது. விரித்தால் அப்பாவின் பெயர். அந்தப் பெயரால் ஒரு பெண்ணைக் கூப்பிட்டால் கூப்பிட்டது அவளை அல்ல, அவள் அப்பாவை. எப்படியாவது ஒரு பெட்டியில் திணித்துச் சமாளிக்கலாம். திணித்ததும் பொருள் மாறிவிடுகிறது.

பெட்டி காலியாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வழியாகப் போனால் வரும் செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு, டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் நடந்தது. பெயருக்குப் பின்னால் போடும் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. வட இந்தியப் படிவம் 'சர்நேம்' என்று கேட்கும் இடத்தில் தமிழ்நாட்டார் விழிப்பது அறியாமையால் அல்ல. வேண்டுமென்றே காலியாக்கப்பட்ட இடம் அது. க-வுக்கும் ங-வுக்கும் நடுவிலுள்ள காலி அறைகளைப் போலவே இதையும் 'இல்லாமை' என்று படிவம் வாசிக்கிறது. மொழியின் வெற்றிடம் என்று அட்டவணை காட்டுவது பல சமயங்களில் ஓர் அரசியலின் சாதனை.

இந்தப் பகுதியில் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஒரு பெண்ணின் பெயர் பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் விரிந்து, வங்கியில் கணவர் பெயரோடு என்று மூன்று விதமாக நிற்கும். வேலையை விட்டு ஊருக்குப் போகும்போது பி.எஃப். பணத்தை எடுக்கப் போனால் 'பேரு மேட்ச் ஆகலம்மா' என்று திருப்பி அனுப்புவார்கள். அதற்குச் சி.எல்.டி.ஆர். காரணமில்லை, அந்தக் கணினிகள் வேறு, படிவங்கள் வேறு. ஆனால் பெயர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற கற்பிதம் இரண்டுக்கும் பொது. உலகம் முழுவதும் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு திறந்த தரவில் தலைப்பெழுத்துக்கு உரிய இடம் உறுதியானால், நாளைக்குப் படிவம் எழுதப்போகும் நிரலாளருக்குக் காட்ட ஒரு முன்மாதிரி கிடைக்கும். ஒரு வாக்கின் பெறுமதி அது. பெயருக்கு இங்கே எவ்வளவு எடை என்பதை 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நடத்திய வேலைநிறுத்தமும் காட்டியது. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இருக்கலாமா என்ற ஆட்சேபத்தைத் தாண்டி 2025 ஜனவரியில்தான் அந்தச் சங்கம் பதிவானது.

6

தமிழ் விருந்தினராக்கப்பட்டது என்று பேசும் அதே மூச்சில் வேறொன்றையும் சொல்ல வேண்டும். களஞ்சியத்தின் தர வரிசையில் தமிழ் 'நவீன' நிலையில் இருக்கிறது. அதாவது நிரப்ப வேண்டியதில் பெரும்பகுதி நிரம்பிவிட்ட மொழி. இதே மாவட்டங்களின் ஏரிக்கரைகளில் வாழும் இருளரின் மொழிக்கு அங்கே ஒரு கோப்புகூட இல்லை. அவர்கள் கைபேசியில் தமிழும் அவர்களுக்கு விருந்தாளி மொழிதான். மையத்தைக் கேள்வி கேட்கும் நாம் இன்னொருவருக்கு மையமாக இருக்கிறோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே ஷெட்டில் தங்கியிருக்கும் தொழிலாளருக்கும் இது பொருந்தும்.

எனவே நான் கேட்பது தமிழுக்குத் தனிக் களஞ்சியமோ அரசு ஆணையோ அல்ல. ஆணை வந்தால் மறுபடி ஒரு அறிஞர் குழு உட்கார்ந்து எட்டரை மணிக்குப் பெயர் வைக்கும். வேண்டியது, வழக்கு உள்ள இடத்திலிருந்து சாட்சி போவது. பக்கத்திலேயே காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாக இயங்குகிறது. 2012 முதல் 'கணியம்' கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவருகிறது. இந்த உழைப்பில் பெரும்பகுதி பொறியியல் படித்தவர்களுடையது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வட்டம் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களிடம் போய், 'எட்டு மணிய என்னன்னு சொல்லுவீங்க, பேர எப்படி எழுதுவீங்க' என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாக்களிக்கத் தொடங்கினால், ஒற்றை வாக்கும் எண்ணிக்கையில் பெருகும். சான்றோடு வரும் முன்மொழிவைச் சரிபார்ப்பாளர்கள் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடவும் முடியாது; வழக்குதான் அளவுகோல் என்று விதி எழுதியவர்கள் அவர்களே.

இங்கே யாரைக் கேட்டாலும், 'போன்ல தமிழ் வெச்சா ஒண்ணும் புரியல, இங்கிலீசுக்கே மாத்திட்டேன்' என்பார்கள். தமிழ்ப் பற்று குறைந்துவிட்டதன் அடையாளமாகவே இதை நம் மேடைகள் எடுத்துக்கொள்கின்றன. எனக்கு இது ஒரு வாக்காகத் தெரிகிறது. அந்தத் தமிழ் தங்களுடையதில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். எந்தக் களத்திலும் பதிவாகாத அந்த வாக்கைப் பதிவுசெய்யும் வேலை மீதியிருக்கிறது.